பக்கத்து மணி

எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சிப் பாதி குடித்து, மீதியைச் சிங்க்கில் ஊற்றினான். கதவுக்குப் பின்னால் தொங்கிய துணிகளைப் பார்க்காமலே அள்ளி வாஷிங் மெஷினில் போட்டுவிட்டுச் சவரம் செய்யத் தொடங்கினான். மெஷினுக்குள் கலகலவென்று சத்தம்.

ஓடிப்போய் மெஷினை நிறுத்தித் திறந்தான். ஸ்கேன் அறைக்குள் போகுமுன் மனைவி கழற்றிக் கொடுத்த மணிமாலை. அவள் உயிரோடு திரும்பவில்லை. அன்று போட்டிருந்த சட்டையை அவன் அப்புறம் தொடவில்லை. மாலை அதன் பையிலேயே இருந்தது.

நூல் அறுந்திருந்தது. மணிகளைப் பொறுக்கி ஒரு டம்ளரில் போட்டுக்கொண்டு, அவள் அதை வாங்கிய, பழைய மணிகள் விற்கும் கடைக்கு ஓடினான்.

"என்ன தம்பி, பாதி மீசையோட வந்திருக்கீங்க?" என்றார் கடைக்காரர்.

"கோத்துக் குடுங்கண்ணே. முன்ன இருந்த மாதிரியே."

"எந்த வரிசைல இருந்துச்சு?"

தெரியவில்லை. தினமும் அவள் கழுத்தில் பார்த்ததுதான். 'எவளோ போட்டுத் தேஞ்சதைப் போய் வாங்கினியே' என்று கிண்டலடித்ததோடு சரி.

"நல்லவேளை, பழசு," என்றார் அவர். "புது மணி எது பக்கத்துலயும் உக்காரும். இது காலங்காலமா பக்கத்து மணியோட உரசினது. பாருங்க." ஒன்றின் முனை குழிந்திருந்தது, இன்னொன்றின் முனை புடைத்திருந்தது. சேர்த்துப் பிடித்தார். நடுவே வெளிச்சம் நுழையவில்லை. "இதுக்குத்தான் நாங்க பைத்தியமா அலையறோம். உங்க வீட்டம்மா கண்ணாலயே பாக்க மாட்டாங்க. விரலால தடவித்தான் எடுப்பாங்க."

அவன் உட்கார்ந்தான், எழுந்தான், வாசலுக்குப் போய்த் திரும்பினான்.

"குட்டி போட்ட பூனையாட்டம் சுத்தாதீங்க. வெளிச்சத்தை மறைக்கிறீங்க. வந்து நீங்களும் பொருத்துங்க."

பொருத்தினான். மத்தியானத்துக்குள் மாலை ஏறக்குறைய வந்துவிட்டது. ஓரிடத்தில் மட்டும் குழியும் குழியும் முட்டிக்கொண்டு நின்றன.

"நடுவுல ஒண்ணக் காணோம். வேற வெச்சுக் கோக்கட்டுமா?"

"வேணாம்ணே. மெஷின்லதான் மாட்டியிருக்கும். எடுத்துட்டு வரேன்." செருப்பை மாட்டிக்கொண்டான்.

"கடைசியா ஏதாவது பேசினாங்களா, தம்பி?"

கேட்டவர்களிடமெல்லாம், 'உடம்பைப் பாத்துக்கச் சொன்னா' என்றே சொல்லிவந்தான். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. கடைப் படியில் நின்றபடி, ஸ்கேன் அறை வாசலில் அவள் மாலையைக் கையில் திணித்துச் சொன்னதை முதல்முறையாக அப்படியே சொன்னான்.

"பையில போட்டுக்காதே. மறந்து துவைக்கப் போட்டுடுவே."