ஒரிசியா தொட்ட கல்

எங்கள் ஊர் கர்லிங் மன்றத்தில் நடுவர் கிடையாது. தவறு செய்தவரே கையை உயர்த்திச் சொல்லிவிட வேண்டும்.

பனித்தளத்தில் ஒருத்தி கனமான கல்லைச் சறுக்கி விடுவாள். இரண்டு பேர் அதன் முன்னால் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே போவார்கள். தேய்க்கத் தேய்க்கக் கல் தூரம் போகும். துடைப்பம் கல்லில் பட்டுவிட்டால் அது தவறு, அந்தக் கல் ஆட்டத்தில் சேராது. பெரும்பாலும் ஒரிசியாவும் நானும்தான் தேய்ப்போம். வெர்னா எங்கள் தலைவி. மறுமுனையில் நின்று, எப்போது தேய்க்க வேண்டும் என்று கத்துவாள். கடைசிக் கற்களை அவள் விடும்போது மட்டும் எங்கள் நாலாவது ஆள் லொரெய்ன் அங்கே போய் நிற்பாள்.

ஒரிசியா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். எட்டு வருடமாக அவளுக்கு முடக்குவாதம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய் அது. நான் வேலை செய்யும் இயன்முறைச் சிகிச்சை நிலையத்துக்கு அவள் வருவதால் எனக்குத் தெரியும். அங்கே தெரிந்துகொண்டதை வெளியில் சொல்லக் கூடாது. காலையில் விரல்கள் மடங்காது. நாலு மணிக்கே எழுந்து கைகளை வெந்நீரில் வைத்திருப்பாள். ஆறரைக்குள் அவை ஸ்டியரிங்கைப் பிடித்துவிடும். இதைச் சொல்லும்போது அவள் குரலில் வலி இருக்காது, பேருந்து நேரத்தைச் சொல்வது போலச் சொல்வாள்.

அணியில் மட்டும் அவள் சொல்லவில்லை.

"தேய்க்க முடியாதவளுக்கு என் அணியில இடமில்ல. பிரெண்டா காத்துக்கிட்டு இருக்கா," என்று வெர்னா நவம்பரிலேயே சொல்லியிருந்தாள். ஒரிசியாவுக்கு இந்த இடம் போய்விடக் கூடாது. வாரத்தில் அவள் எதிர்பார்த்துக் காத்திருப்பது இந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்றைத்தான்.

மார்ச் தொடக்கத்தில், மாவட்டப் போட்டிக்குப் போவது யார் என்று தீர்க்கும் ஆட்டம். கடைசிக் கல் எங்களுடையது. வெர்னா விட்டாள். நல்ல கல், நேராக நடு வட்டத்துக்குப் போகிற கல். பாதித் தூரத்தில் ஒரிசியாவின் பிடி தளர்ந்தது. துடைப்பம் கல்லை உரசியது. சத்தம்கூட இல்லை. பக்கத்தில் இருந்த நான் மட்டும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. திறந்திருப்பேனா என்று இன்றும் தெரியாது.

ஒரிசியா கையை உயர்த்தினாள். "நான் தொட்டுட்டேன்."

ஓடும் கல்லைக் காலால் நிறுத்தி ஓரமாகத் தள்ளினாள். தோற்றோம்.

வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பது வழக்கம். எல்லாரும் மேல்மாடி மேசையில் உட்கார்ந்தோம்.

"ஏன்டி, பதினோரு வருஷத்துல ஒரு தடவகூட நீ தொட்டதில்ல. இன்னிக்கு என்ன, தூக்கமா?" என்றாள் வெர்னா.

ஆமாம் என்று சொன்னால் போதும். சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது எனக்கு.

ஒரிசியா கையுறையைக் கழற்றினாள். விரல் மூட்டுகள் வீங்கி, விரல்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியிருந்தன.

"முடக்குவாதம். எட்டு வருஷமா இருக்கு. பிரெண்டாவக் கூப்பிட்டுக்கோ."

எதிரணித் தலைவி ஒரு பீர் பாட்டிலின் மூடியைத் திறந்து அவள் முன்னால் வைத்தாள்.

"இந்தக் கைய வெச்சுக்கிட்டா தேய்ச்ச? நான் வேற உன்னச் சோம்பேறின்னு திட்டியிருக்கேன்," என்றாள் வெர்னா.

"நெறைய தடவ," என்றாள் ஒரிசியா.

"எனக்குத் தோள்பட்டை பிடிச்சு ஆறு மாசம் ஆச்சு," என்றாள் லொரெய்ன் மெதுவாக. "பிரா கொக்கிய வீட்டுக்காரர்தான் மாட்டிவிடறார். கழட்டத்தான் ஆர்வமா வருவார், மாட்டறதுன்னா முனகறார்."

சிரிப்பில் மேசையே அதிர்ந்தது. வெர்னா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு வலது கால் முட்டி தேஞ்சு போச்சு. அதான் தலைவி ஆனேன், நின்ன இடத்துலயே கத்தலாம்ல." என் பக்கம் திரும்பினாள். "ஏய் படிச்சவளே, இந்த முட்டியோட நான் தேய்ச்சா செத்துருவேனா?"

"மாட்டீங்க. நடக்கறது முட்டிக்கு நல்லதுதான்."

"அப்போ தலைமை ஒரிசியாவுக்கு. கல்லு எங்க போய் நிக்கும்னு அவளுக்குத் தெரிஞ்ச அளவு எனக்குத் தெரியாது."

ஒரிசியா பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தாள்.

அடுத்த செவ்வாய், கல்லின் முன்னால் வெர்னாவும் நானும். மூச்சு வாங்கியது. மறுமுனையில் ஒரிசியா நிமிர்ந்து நின்றாள்.

"வெர்னா! கைய அசைடி, சோம்பேறி!"