கூடிப்போன நான்கு மில்லிலிட்டர்

"தண்ணி எப்படிலா கூடும்?"

"தெரியல."

"நூறு ஊத்தின. நாலு மணி நேரம் ஜன்னல்கிட்ட வச்ச. இப்ப நூத்தி நாலு இருக்கு. குறையணும் செரினா. கூடிச்சுன்னா இதை மிஸ்கிட்ட குடுக்கக் கூடாது, நோபல் பரிசுக்கு அனுப்பணும்."

நஸீஹாவும் நானும் ஒரே வகுப்பு. அறிவியல் ப்ராஜெக்டில் அளப்பது நான், வரைபடம் போடுவது அவள். தேக்கா உணவு நிலையத்தில் வரைபடத் தாளை விரித்து, மின்விசிறிக் காற்றில் பறக்காமல் இருக்க மூலைகளில் தே ஓ ஐஸ் தேநீர்க் கோப்பைகளை வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை. திங்கட்கிழமை வகுப்பில் பேச வேண்டும்.

எங்கள் கேள்வி எளிமையானது. உயரமான மாடியில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகுமா? அம்மாவும் நானும் சிராங்கூனில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். அப்பா போன வருடம் எங்களைப் பிரிந்து போய், தஞ்சோங் பகாரில் இருபத்திரண்டாவது மாடியில் ஓர் அறை எடுத்தார். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிக் கண்ணாடிக் கிண்ணம், நூறு மில்லிலிட்டர் தண்ணீர், காலை பத்திலிருந்து இரண்டு மணி வரை. மூன்று சனிக்கிழமைகள். பிறகு சராசரி.

இந்தக் கேள்வியை யோசித்தது நான்.

அதற்கு முன்பெல்லாம் அப்பாவை எம்ஆர்டி ரயில் நிலையத்தில்தான் பார்ப்பேன், அதுவும் அரை மணி நேரம். வீட்டுக்கு வரட்டுமா என்றால், "வேலை ஜாஸ்திம்மா, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பார். ஆனால் பள்ளிக்கூட வேலை என்று சொன்னால் இந்த ஊரில் யாரும் மறுப்பதில்லை. "ப்ராஜெக்டா? வா, வா" என்றார் உடனே.

அந்தச் சனிக்கிழமைகளில் நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நான் தரையில் உட்கார்ந்து, பனி விழும் ஏதோ ஒரு தேசத்து நாவலைப் படிப்பேன். அவர் துணி மடிப்பார். நடுநடுவே எழுந்துபோய்க் குனிந்து கிண்ணத்தைப் பார்ப்பார், குழந்தை தூங்குகிறதா என்று பார்ப்பதுபோல. இரண்டு மணிக்கு அம்மா அங்கே அளந்து படம் அனுப்புவார். "அவங்களுக்குத் தொண்ணூத்தி மூணா? நம்மளது எண்பத்தெட்டு" என்பார் அப்பா. அவர்கள் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நஸீஹா புள்ளிகளை வைத்தாள். அம்மா வீட்டுக்குத் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று இரண்டு, தொண்ணூற்று மூன்று. அப்பா வீட்டுக்கு எண்பத்தெட்டு, எண்பத்தேழு. கடைசிப் புள்ளி மட்டும் தாளின் உச்சியில் தனியாக நின்றது.

"யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க. நீ பக்கத்துலயே இருந்தியா?"

"ஒன்னே முக்காலுக்குச் சாப்பிட மீ கோரெங் வாங்கக் கீழ போனேன். அப்பாதான் போகச் சொன்னாரு."

சொல்லும்போதுதான் எல்லாம் ஒழுங்காக ஞாபகம் வந்தது. நான் திரும்பி வந்தபோது அப்பா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். அளந்துவிட்டு நான் விழித்ததைப் பார்த்து, "அப்ப இது தப்பாம்மா? அடுத்த வாரம் திரும்ப வைக்கணுமா?" என்று கேட்டார். அவருக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாமே என்று, "பரவால்லப்பா, ரெண்டு இருக்கு, போதும்" என்றேன். அவர் கிண்ணத்தைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, என் பையில் வைத்துக் கொடுத்தார்.

"அழிச்சிடவா?" என்றாள் நஸீஹா.

"அழிக்கக் கூடாது. வட்டம் போட்டு, பக்கத்துல காரணம் எழுதணும்னு மிஸ் சொன்னாங்கல்ல."

வட்டம் போட்டாள். "காரணம்?"

"தெரியலன்னு எழுது."

எழுதினாள். பென்சிலின் பின்முனையைக் கடித்தாள். "இன்னொன்னு சொல்றேன், கோபப்படாத. டிசைனே சரியில்ல. ஃபேர் டெஸ்ட்னா ஒன்னே ஒன்னுதான் மாறணும். உங்க ரெண்டு வீட்டுலயும் மாடி மட்டுமா மாறுது? அங்க கடல் காத்து. இங்க எதிர் புளோக் கட்டடம் வெயில மறைக்குது. ஜன்னல் வேற திசை. மிஸ் முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

நான் கோப்பையிலிருந்த ஐஸைக் கலக்கினேன். அது எனக்கு முதல் நாளே தெரியும்.

"கேலாங்ல எங்க புளோக்ல நாங்க ரெண்டாவது மாடி, மாமி பதினாறாவது. ஒரே வரிசை, ஒரே திசை. அகலமான தட்டுல வச்சா ஒரு மணி நேரம் போதும். மூணு தடவையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம். நாளைக்குப் பத்து மணிக்கு வர்றியா?" என்றவள், நிறுத்தி, "ஆமா, நீ எதுக்குலா நாலு மணி நேரம்னு போட்ட?" என்றாள்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொள்வதுபோல அளவுகோலை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"மாமி பிரியாணி போடுவாங்க," என்றாள் மெதுவாக.

"வர்றேன்."

அவள் போன பிறகு சிராங்கூன் சாலை ஓரமாக நடந்துகொண்டே அப்பாவை அழைத்தேன். ரயிலில் இருந்தார்.

"அப்பா, எக்ஸ்பெரிமெண்ட் முடிஞ்சிடுச்சு. உங்க வீட்டுல அளக்க வேண்டியது இனிமே ஒன்னும் இல்ல."

"அப்படியா. எல்லாம் சரியா வந்துச்சாம்மா?" என்றார்.

"ஒரு ரீடிங் மட்டும் வரல. அதை அழிக்கல. வட்டம் போட்டு வச்சிருக்கோம்."

அந்தப் பக்கம் ரயிலின் கதவு மூடும் மணி கேட்டது. எனக்குள் புதுக் கேள்விகள் வரிசையாக வந்தன. இருபத்திரண்டாவது மாடியில் உப்பு எவ்வளவு நேரத்தில் கரையும், ரொட்டியில் எத்தனை நாளில் பூஞ்சை பிடிக்கும். எதைச் சொன்னாலும் அவர் "வா, வா" என்பார். பச்சை விளக்கு எரிந்தது. எல்லோரும் சாலையைக் கடந்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"அப்பா, நாளைக்குச் சாயந்திரம் நான் கிண்ணம் இல்லாம வரட்டுமா?"