உள்ளே தெரியும் தொட்டி

எங்கள் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு குப்பைத் தொட்டி. வீட்டு எண் ஒட்டி வாசலில் வரிசையாக நிற்கும். கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக், உள்ளே இருப்பது வெளியே பளிச்சென்று தெரியும். யார் ஒழுங்காகப் பிரித்துப் போடுகிறார்கள் என்று எல்லாரும் பார்க்க வேண்டுமாம். கழிவு மேலாண்மை இன்ஜினியரான என் அண்ணனின் யோசனை அது. தொட்டி வந்த மாதமே பின்பக்க வாய்க்காலில் குப்பைப் பைகள் மிதக்க ஆரம்பித்தன.

"மனுசங்களுக்கு வெட்கம்னு ஒண்ணு இருக்குண்ணா. குப்பைய எடை போட்டா அது தெரியாது, ஆளுங்களக் கேட்டாத்தான் தெரியும்" என்றேன். நான் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள்.

"கதை படிச்சவங்களுக்குக் குப்பையில என்ன வேலை?" என்று சிரித்தான். "வாய்க்கால்ல போடறவன் போட்டோவ வாசல்ல ஒட்டினா எல்லாம் சரியாயிடும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வீடு வீடாக ஏறி இறங்கினேன். மாடி வீட்டு நர்ஸ் மாத்திரை அட்டைகளை மறைத்த கதை, டிரைவர் பாட்டில்களை மறைத்த கதை எல்லாம் கிடைத்தன. 'வெட்கமும் கழிவும்' என்று கட்டுரை வாசித்துக் கைதட்டலும் வாங்கினேன். பெருமை பிடிபடவில்லை.

போட்டோவுக்குப் பயந்தோ என்னவோ, மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு கறுப்புப் பை மட்டும் தினமும் மிதந்தது. அந்தக் கதையும் கிடைத்தால் புத்தகமே போடலாம். நேற்று மதியம், எல்லாரும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், போனும் கையுமாக வாய்க்கால் பாலத்தில் நின்றேன்.

வந்தது அப்பா. இதே குடியிருப்பில் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். என்னைக் கண்டதும் தோளிலிருந்த துண்டை எடுத்தார். முகத்தை மூடவில்லை, பையை மூடினார். அதற்குள் பை கிழிந்து டயப்பர் வெளியே தெரிந்தது. பெரியவர்கள் கட்டுவது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் அடக்க முடியலம்மா" என்றார், தண்ணீரைப் பார்த்தபடி. "தொட்டியில போட்டா நாலு பேர் பார்ப்பாங்க. அண்ணன் பேரு கெட்டுடும். அவன்கிட்ட சொல்லிடாத."

ஊரையெல்லாம் கேட்டவள், பெற்றவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"குடுங்கப்பா. என் வீட்டுத் தொட்டியில போடறேன். யாரு பார்த்தா என்ன?"

தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார். வாசல் வரைக்கும் என் பின்னாலேயே வந்தார். என் எண் ஒட்டிய தொட்டியின் மூடியைத் திறந்தேன். போடுவதற்கு முன்னால், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும்முற்றும் பார்த்தேன்.

அப்பா அதைப் பார்த்துவிட்டார்.