மூன்றாவது துளை

தெருமுனைப் பெட்டியைத் திறந்தாலே லைன்மேனுக்கு எரிச்சல் வரும். ஆபீஸிலிருந்து வரும் ஒற்றை ஃபைபர் அதற்குள் எட்டாகப் பிரிந்து, எட்டுத் துளை வழியாக எட்டு வீட்டுக்குப் போகிறது. அதில் ஏதோ ஒரு வீட்டு கேபிள் எங்கோ நசுங்கிக் கிடக்கிறது. ஆபீஸிலிருந்து விடும் சோதனை ஒளி எட்டிலிருந்தும் திரும்பி வந்து திரையில் ஒரே குவியலாய் விழுந்தால், கடவுளே இறங்கி வந்தாலும் எந்த வீடென்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றுவதற்கு முன் எல்லா வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. விதி எழுதிய மகராசன் வெயிலில் ஏணி மேல் நின்றதில்லை.

“வீட்டுக்காரங்களுக்குச் சொல்லிட்டீங்களாண்ணே?” என்று ஆபீஸில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் போனில் கேட்டாள்.

“அதெல்லாம் ஆச்சு” என்று கூசாமல் புளுகினான். “இதுல ஒண்ணு எங்க அக்கா வீடு. டிவி நின்னா என்னைத்தான் திட்டுவா. அவ திட்டாத நாளு ஏது?”

எது யாருடையது என்ற சீட்டெல்லாம் மழையில் எப்போதோ உரிந்துபோயிருந்தது. முதலாவதைக் கழற்றினான், மாட்டினான். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியதும் அவள், “மாட்டாதீங்கண்ணே, இதுதான் போல. இன்னொரு தடவை பாத்துக்கறேன்” என்றாள். ஏணியிலேயே சாய்ந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, “இல்லண்ணே, இது இல்ல” என்றாள். மாட்டினான். கோளாறு ஆறாவதில் இருந்தது.

சாயங்காலம் செய்தி வந்தது. அக்கா புருஷன் நெஞ்சுவலியில் போய்விட்டார். அந்தப் பின்கட்டு வீட்டில் செல்போன் டவர் எடுக்காது. அதனால்தான் ஃபைபரில் ஓடும் போன் ஒன்றை இவனே போட்டுக் கொடுத்திருந்தான். ஆம்புலன்ஸுக்கு அக்கா விலாசம் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்தப் போன் செத்தது. அவள் தெருவுக்கு ஓடிப் பேசி, வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் யாருக்கும் சொல்லாமல் பெட்டியைத் திறந்தான். அக்கா வீட்டிலிருந்து வந்த கேபிளைக் கையால் தடவிக்கொண்டே போனான். அது மூன்றாவது துளையில் போய் நின்றது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுவும் தோன்றத்தான் செய்தது.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவனைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்தப் பாவியோ லைன்ல கை வச்சிருக்கான்டா. யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லு.”

“நான்தான்க்கா. யாருக்கும் சொல்லாம கழட்டிட்டேன்.”

அவள் கத்துவாள், அறைவாள் என்று நினைத்தான். அப்படிச் செய்திருந்தால் தேவலை என்று இருந்திருக்கும். பிடித்திருந்த கையை மெல்ல விட்டாள்.

“போன் செத்ததும் நான் பதறிட்டேன்டா” என்றாள். “மாமாதான், ‘அழாதே, தம்பிக்குச் சொல்லு, அவன் ஓடி வந்து சரி பண்ணிடுவான்’னாரு. அதுக்கப்புறம் அவர் பேசவே இல்ல.”