கால் மறக்காத குழாய்

பதினேழு வயதில் சுரேந்திரன் நண்பன் இக்பாலோடு சேர்ந்து, கூரையைக் கழற்றி, பெரிய எஞ்சின் ஏற்றிப் பறக்கவிட்ட ஜீப் அது. வண்டியோ அதன் புகைப்படமோ மிஞ்சவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின், தன் வீட்டுக் கொட்டகையில் நினைவிலிருந்தே அதை மறுபடி கட்டியிருந்தார். அதே வண்டிதானா என்று அவருக்கே சந்தேகம். இக்பாலை வரவழைத்தார்.

இக்பால் சுற்றிவந்தார். "மாப்பிள்ளை மாதிரி மினுக்கி வச்சிருக்கடா," என்றார். பழைய வண்டியை அடையாளம் கண்ட மாதிரி தெரியவில்லை. சுரேந்திரனின் முகம் விழுந்துவிட்டது.

பிறகு இக்பால் லுங்கியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, காலை அகலத் தூக்கி வைத்து ஏறினார்.

"ஏன்டா, வாய்க்காலா தாண்டுற?"

"புகைக்குழாய் சுட்டுடுமேடா!"

இருவரும் குனிந்து பார்த்தார்கள். குழாய் அங்கே இல்லை. பழைய ஜீப்பில் அதைப் பக்கவாட்டில் வெளியே விட்டிருந்ததே சுரேந்திரனுக்கு மறந்துபோயிருந்தது.

அவர் சாக்கட்டியை எடுத்து, வண்டியின் பக்கவாட்டில் இக்பாலின் கால் தாண்டிய இடத்தில், குழாய் வரவேண்டிய வழியில் நீளமாக ஒரு கோடு போட்டார்.