தேர் போகும் வரிசை

பிரிண்டரிலிருந்து வந்த தாளில் மறுபடியும் வைத்தியலிங்கத்தின் பெயர்.

காலையில் அந்த ஃபைலை நானே திறந்து பார்த்திருந்தேன். நில உச்சவரம்பில் எங்களுக்கு வந்த வயல்; உரிமையாளர் இடத்தில் என் அம்மா அம்சத்தின் பெயர் இருந்தது. இப்போது அச்சில் பழைய மிராசுதாரர் வைத்தியலிங்கம். இடையில் இந்த அறையில் இருந்தது நடராசன் மட்டும்.

நீடாமங்கலத்தில் நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றித் தரும் இந்தச் சின்ன அலுவலகத்தில் நாங்கள் இருவர்தான். பதிவைத் தேடி நகல் எடுக்கும் நிரலை, அந்த ஸ்கிரிப்டை, எழுதியவர் அவர். வைத்தியலிங்கத்தின் அக்கா மகன். இங்கே என்னை “வாங்க வேம்பு” என்பார். ஊரில் என் அம்மாவை “ஏ அம்சம்” என்பார். அந்த ‘வாங்க’வை நான் ஒருநாளும் நம்பியதில்லை.

அம்மா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்; அவளிடம் போனேன். மதியம் தாலுகா ஆபீசில் இந்த வயல் தகராறுக்கு அமைதிப் பேச்சு. கையில் நகல் இல்லாவிட்டால் நாளைக்கு வைத்தியலிங்கத்தின் டிராக்டர் எங்கள் வயலில் இறங்கிவிடும்.

“என்னடி, உன் பொட்டி இன்னும் அவன் பேரத்தான் சொல்லுதா?”

“செத்த இரும்மா.”

“நான் இருப்பேன். நாத்து இருக்குமா?”

உள்ளே வந்து நடராசனிடம் கேட்டேன். “ஃபைலத் தொட்டீங்களா?”

“மாமா நெலம்னா ஒடனே என் கைதானா?” சிரித்தார். “டீ சொல்லட்டுமா?”

நேரத்தைக் கடத்துகிறாரா? அவர் முகத்தில் தேடுவதை விட்டுவிட்டு, திறக்கும் ஃபைலின் முழு முகவரியையும் காட்டும்படி ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து ஓட்டினேன். நான் காலையில் பார்த்தது ‘காலனி’ ஃபோல்டரில் இருந்த ஃபைல். ஸ்கிரிப்ட் திறந்ததோ அதே வயலுக்கு ‘மேலத்தெரு’வில் இருந்ததை.

மேலே, தேடும் வழியைச் சொல்லும் ‘பாத்’ வரியைப் பார்த்தேன். எங்கெங்கே தேட வேண்டும் என்று ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன: மேலத்தெரு, கீழத்தெரு, வடக்குத்தெரு, கடைசியில் காலனி. முதலில் கிடைத்ததோடு ஸ்கிரிப்ட் நின்றுவிடும். நிலம் கைமாறியபோது புதுப் பதிவு காலனியில் ஏறியிருக்கிறது. மேலத்தெருவிலிருந்த பழையதை யாரும் நீக்கவில்லை.

“ஏன் இந்த வரிசை?”

“எந்த வரிசை?” அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “அப்புடித்தானே எழுதுவோம். தேரு கூட அப்புடித்தானே...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

“தேரு காலனிக்கு வராதுங்க. நீங்க கடைசியாவாவது சேத்திருக்கீங்க.”

அவர் காதுமடல் சிவந்தது. எனக்கோ ஏமாற்றமாக இருந்தது. அவர் வேண்டுமென்றே மாற்றியிருந்தால் சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருப்பார். யோசிக்காமலே எழுதிய ஒரு கையோடு எப்படிச் சண்டை போடுவது? யோசிக்கவில்லை என்பதையும் முழுதாக நம்ப முடியவில்லை.

காலனியை முதலில் போட்டேன்.

“அப்ப மத்த தெருக்காரங்களுக்கு?”

“காலனியில இருக்கறதெல்லாம் பின்னாடி ஏறுன பதிவு. இதுல இல்லேன்னாத்தான் மேலத்தெருவுக்குப் போவும்.”

“மாமா கேட்டா?”

“நான்தான் மாத்துனேன்னு சொல்லுங்க.”

தாள் வந்தது. அம்சம். அம்மா அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

“அவன் பேரு எங்கயும் இல்லியே?”

“இல்லம்மா.”

“சரி, கெளம்பு.”

தாலுகா ஆபீசில் யாராவது சந்தேகப்பட்டு இன்னொரு நகல் கேட்டால், இந்தக் கணினியிலிருந்துதான் எடுப்பார்கள். அப்போது இங்கே நடராசன் மட்டும் இருந்தால்?

“நீ போம்மா. நான் இங்க இருக்கணும்.”

அம்மா என்னையும் நடராசனையும் மாறி மாறிப் பார்த்தாள். தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு தனியாக நடந்தாள்.

“இப்பவாவது டீ சொல்லட்டுமா?” என்றார் நடராசன்.

“சொல்லுங்க” என்றேன், பாத் வரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.