மூடியைப் போட்டுப் பாருங்கள்

அவள் வடிவமைத்த முதல் லேப்டாப் அது. மண்டையை உடைத்துக்கொண்டு அதை அவ்வளவு மெல்லியதாக ஆக்கியிருந்தாள். போன மாடல் சூட்டால் கடைகளிலிருந்து திரும்பி வந்த கடுப்பில் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: இதுவும் சுட்டால் இனி மெல்லிய லேப்டாப் என்ற பேச்சே கூடாது.

இப்போது அதற்கு ஒரு கிராபிக்ஸ் சிப் வேண்டும். விலை குறைந்த ரகத்திலேயே பெரியது ஒன்று, சின்னது ஒன்று. சூடு குறைவு என்று அவள் சின்னதைக் கேட்டாள். வேகம் அதிகம், பெரியதுதான் என்று ஒற்றைக்காலில் நின்றவன் வேறு யாருமல்ல, அவளைக் கட்டிக்கொண்ட மகராசன். சிப் சோதனை அவன் பிரிவு.

ஆளுக்கொரு சிப் பொருத்திய இரண்டு மாதிரி லேப்டாப்களையும் மேனேஜர் முன்னால் ஓட்டிக் காட்டினான். பெரியது சின்னதை ஓட ஓட விரட்டியது. லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிவிட்டுச் சோதிப்பதுதான் அங்கே வழக்கம். சூடு பார்க்கும் ஒயர்களை ஒட்ட அதுதான் வசதி. குளுகுளு அறையில், முதுகைத் திறந்துபோட்டுக்கொண்டு ஓடச் சொன்னால் எந்தச் சிப்தான் ஓடாது?

"சார், மூடியைப் போட்டுத் தரேன். உங்க மடியில வெச்சு விளையாடிப் பாருங்க," என்றாள்.

"இதெல்லாம் ஒரு சோதனையா?" என்றான் அவன்.

"வாங்குறவங்க இப்படித்தாங்க வெச்சுப்பாங்க."

திருகுகளை முடுக்கிக் கொடுத்தாள். பெரிய சிப்பில், திரையில் மேனேஜரின் பந்தயக் கார் பறந்தது. கொஞ்ச நேரத்தில் விசிறி அலறியது, கார் திக்கித் திணறியது. மேனேஜர் இந்தத் தொடை, அந்தத் தொடை என்று மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயையோ!" என்று துள்ளி எழுந்து அதை அவன் கையில் திணித்தார்.

அடுத்தது சின்னது. வேகம் சற்றுக் குறைவுதான். ஆனால் தொடங்கியபோது ஓடிய மாதிரியே ஓடிக்கொண்டிருந்தது. அவள் மேனேஜரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், சுடுதா?"

"சும்மா இரும்மா, கடைசி ரவுண்டு!"

ஜெயித்துவிட்டுத்தான் தலையைத் தூக்கினார். "சின்னதையே போடுங்க. தடிமன் ஒரு நூல்கூட ஏறக் கூடாது."

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"இதை வீட்டுலயே சொல்லியிருக்கலாம்ல?" என்று முணுமுணுத்தான் புருஷன்.

"தினமும் சொன்னேன். நீங்கதான் காதுல மாட்டுன ஹெட்போனைக் கழட்டவே இல்ல."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் தன் லேப்டாப்பை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு, தயாரிப்புப் பிரிவுக்கு நெஞ்சை நிமிர்த்தி நடந்தாள்.